அய்யாத்துரையின் வலது கால்

அய்யாத்துரைக்கு வேகம் என்றால் உயிர். ஆனால் அவர் வேகமாகப் போய்ப் பார்த்த ஆள் கோவில்பட்டியில் ஒருத்தர்கூடக் கிடையாது. ஆயுள் பூராவும் ஸ்டியரிங் பிடித்தே சோறு தின்ற மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். வரட்டும். சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

பிறந்தது கழுகுமலைக்குக் கிழக்கே, ஆடு வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில். ஆடு நடக்கிற வேகத்துக்குத்தான் மனிதனும் நடக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் பின்னால் வருகிற ஆடு எவன் பயிரிலாவது இறங்கி நிற்கும். அந்த நடை பிடிக்காமல்தான் அவர் லாரிக்குக் கிளீனராக ஓடிப்போனார். லைசென்ஸோடு ஊர் திரும்பியபோது கிடைத்தது ஒரு தீப்பெட்டிக் கம்பெனி வேன். விடியுமுன்னே கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வர வேண்டும். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் போதும், பின்னாலிருந்து குரல் வரும். "ஏ அய்யாத்தொர, எங்களுக்கு வீட்ல புள்ளைக இருக்குய்யா." அதற்கு மேல் எந்த மனுஷனுக்கு மிதிக்க மனசு வரும்?

அந்த முதலாளியே பிற்பாடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். தாய்மாரை ஏற்றி இறக்கியவருக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை வந்தது. சில வருஷம் போனதும் பள்ளி வாகனங்கள் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவாகி, எஞ்சினில் ஒரு கருவியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். மிதித்தால் வண்டி உறுமும், ஆனால் முள் நாற்பதைத் தாண்டாது. பெற்றவர்களுக்கெல்லாம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அய்யாத்துரைக்கு அடிமடியில் கைவைத்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, அந்தக் காரை முந்துங்க அண்ணாச்சி" என்று பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும்.

"விடுங்கடே. அவனுக்கு வயிறு சரியில்ல, அவசரமாப் போறான்" என்பார்.

வேன் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவிலே, முந்திப் போன கார் புள்ளியாகி மறைகிற வரைக்கும் அவர் கண் அதன் பின்னாலேயே போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். நாலு வழிச் சாலையில் போகிற கார்களைச் சத்தத்தை வைத்தே இன்ன கார் என்று சொல்லுவார். யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் சொல்லுவார். வீட்டில் மகள் ஐஸ்வர்யா, "அப்பாவ எங்கம்மா?" என்று கேட்டால், "ஒங்கப்பா ஆபீஸுக்குப் போயிருக்காவ" என்பாள் சொர்ணத்தாய். ஐஸ்வர்யாவை ஒட்டப்பிடாரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு கேட்பதற்கும் ஆள் இல்லை. அந்த ஆபீஸ் மட்டும் தொடர்ந்து நடந்தது.

சொர்ணத்தாய் அவருடைய மனைவி. இட்லி மாவு வியாபாரம். வீட்டு முன்னறையில் பெரிய கிரைண்டர் இரண்டு ஓடும். அரைத்த மாவை வாளி வாளியாக ஸ்கூட்டியின் முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக வைத்துக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போட்டுவிட்டு வருவாள். ஐம்பதைத் தொட்ட பொம்பிளை, ஐப்பசி மழையில் எட்டயபுரம் ரோட்டில் ஒருநாள் வழுக்கி விழுந்து, மாவும் சேறுமாக எழுந்து நின்று, தன் முட்டியைப் பார்க்காமல் வாளியை எட்டிப் பார்த்தவள். அன்றைக்கே அய்யாத்துரை வாக்குக் கொடுத்திருந்தார். வேலையை விட்டு நிற்கிறபோது வருகிற பணத்தில் ஒரு கார் வாங்கிவிடலாம் என்று.

வேலையை விடுகிற நாள் அவர் நினைத்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கொஞ்ச காலமாகவே அவருக்கு இடது பக்கம் சரியில்லாமல் இருந்தது. வேனின் இடது கண்ணாடி பள்ளிக்கூட வாசல் தூணில் உரசியது. சாப்பிட உட்கார்ந்தால் இடது பக்கம் இருக்கிற தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். கோடை விடுமுறையில் வண்டிகளையெல்லாம் மைதானத்தில் நிறுத்திச் சோதிக்கும்போது டிரைவர்களுக்குக் கண் பரிசோதனையும் உண்டு. எதிரே மாட்டிய அட்டையைக் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்துவிட்டார். அட்டை நேரே இருந்தது, படித்தார். ஆனாலும் அவர் மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே அழுத்தம் கூடி நரம்பு நைந்து போயிருக்கிறது. நேரே இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. இடது பக்கம் ரொம்பவே போய்விட்டது. போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"இனிமே நீங்க வண்டியே ஓட்டக் கூடாதுங்க" என்றவர், சீட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் வேனா ஓட்டுறீங்க?" என்று கேட்டார்.

"ஓட்டினேம்மா" என்றார் அய்யாத்துரை.

மறுநாள் காலையில் முதலாளி மேஜையில் சாவியை வைத்துவிட்டார். முட்டுவலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று சொன்னார். அந்த விஷயத்தில் அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஊரார் பெற்ற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரைக் கண்ணோடு ஓட்டுவதற்கு அவருக்கு நெஞ்சு துணியாது. அதற்காக அவரை எத்தனை மெச்சினாலும் தகும்.

ஆனால் திட்டவும் வேண்டியிருக்கிறது. கட்டின பொண்டாட்டியிடம் அவர் மூச்சு விடவில்லை. "ஏன் திடீர்னு நின்னுட்டீங்க?" என்று சொர்ணத்தாய் கேட்டதற்கு, "போதும்னு தோணிச்சுட்டி" என்றார். சொட்டு மருந்தைப் பற்றிக் கேட்டதற்கு, "எரிச்சலுக்குக் குடுத்தது" என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், சொன்ன மாத்திரத்தில் அவள் சாவி எதையும் அவர் கையில் தரமாட்டாள். அவருக்கோ ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்ல எஞ்சின் உள்ள காரில் உட்கார்ந்து ஆசை தீர மிதித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் கண் இருந்தால் என்ன, போனால் என்ன என்று நினைத்தார். ஆசை ஒரு மனுஷனை எப்படியெல்லாம் முட்டாளாக்கும் என்பதற்கு வேறு ஆளைத் தேட வேண்டாம்.

பணம் வந்தது. சொர்ணத்தாய் தன் தேவையைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எனக்கு ஒரு டிக்கி வேணும். டிக்கியோட சேந்து என்ன வந்தாலும் சரி."

அப்படி ஒரு டிக்கி பக்கத்திலேயே இருந்தது. பள்ளிக்கூடத்து இசக்கிசெல்வி டீச்சர் தன்னுடைய வெள்ளைக் காரை விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார். சின்னக் கார். நாலு கதவு, நிமிர்ந்து உட்காரலாம், லிட்டருக்கு நல்ல மைலேஜ், எந்த ஒர்க் ஷாப்பிலும் சாமான் கிடைக்கும். சொர்ணத்தாய் டிக்கியைத் திறந்து பார்த்து, நாலு வாளி தாராளமாக நிற்கும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள்.

அப்போதுதான் செல்வக்குமார் வந்து கெடுத்தான். கெடுத்தான் என்று சொல்வது பாவம், தங்கமான பையன். பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிற குடும்பம். மூன்றாம் வகுப்பிலிருந்து அய்யாத்துரையின் வேனில்தான் பள்ளிக்கூடம் போனான். அந்தக் காரை முந்துங்க அண்ணாச்சி என்று எல்லாரையும்விடப் பெரிதாகக் கத்தினவன் அவன்தான். வளர்ந்து கடையில் உட்கார்ந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிவப்புக் காரை வாங்கி வந்தான். இரண்டே கதவு. தரையோடு தரையாகக் கிடக்கும். ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இப்போது அவனுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. குழந்தையையும் அதன் மூட்டை முடிச்சையும் அந்தக் காருக்குள் திணிக்க முடியாமல் விற்கப் பார்த்தான். கோவில்பட்டியில் அதை வாங்க யார் இருக்கிறார்கள்? வேகத்தடைக்கு வேகத்தடை அடி தட்டும். மழை பெய்தால் கரிசல் ஓரத்தில் இறக்க முடியாது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குன்னா நீங்க சொல்லுததுதான் வெலை" என்றான்.

அய்யாத்துரைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆவணி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வக்குமார் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். சொர்ணத்தாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். திறந்தான்.

"இதுக்குள்ள எத்தன வாளி நிக்கும்?"

"வாளில்லாம் நிக்காதுக்கா. ஒரு சூட்கேஸ் வைக்கலாம்."

"சூட்கேஸுல மாவு ஊத்துததுக்கு ஏலாதேய்யா" என்றாள் சொர்ணத்தாய்.

இருந்தாலும் அவள் உட்கார்ந்து பார்த்தாள். கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேர்ந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. அதைப் பார்த்த பிறகு வாளியைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. வாங்கித் தொலைக்கட்டும், நமக்கு ஸ்கூட்டி இருக்கிறது என்று அந்த நிமிஷமே மனசுக்குள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

"நீங்களும் அக்காவும் கயத்தாறு வரைக்கும் போய்ட்டு வாங்க. நான் வந்தா பின்னால மடிஞ்சுதான் ஒக்காரணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டான் செல்வக்குமார்.

இந்த இடத்தில் அய்யாத்துரை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் தனக்குத் தானே ஒரு நியாயம் வைத்திருந்தார். நாலு வழிச் சாலை. நடுவிலே அரளிச் செடி, எதிரே வண்டி வராது. ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். நேரே தெரிகிற கண்ணுக்கு நேர் ரோடு போதும். ராப்பகலாக யோசித்து வைத்த நியாயம் இது. அதில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். ஆவணியில் கரிசல் காடுகளில் விதைப்புக்கு முன்னால் கிடை போடுவார்கள். உரத்துக்காக ஆடுகளைக் காட்டுக்குக் காடு மாற்றி மாற்றி அடைப்பார்கள். நாலு வழி ஆனாலும் எட்டு வழி ஆனாலும் கிடைக்குப் போகிற ஆடு குறுக்கேதான் போகும். அந்தக் குடும்பத்தில் பிறந்த மனுஷன், அதைப் போய் மறந்தார்.

ஊருக்குள் வேகத்தடைகளில் ஊர்ந்து, ரயில்வே பாலம் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறினார். எஞ்சினின் உறுமல் உள்ளங்காலில் வந்து தட்டியது. கையில் மயிர் கூச்செறிந்தது. மூன்றாம் கியர். மிதித்தார். சீட்டு முதுகைத் தள்ளியது. சொர்ணத்தாய் சாமியைக் கூப்பிட்டாள்.

அத்தோடு நின்றுவிட்டது.

கார் நிற்கவில்லை, கால் நின்றுவிட்டது. முள் நாற்பதைத் தொட்டதும் வலது கால் பெடலில் அப்படியே இருந்துகொண்டது. அய்யாத்துரை மறுபடி மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். கால் அசையவில்லை. கீழே எந்தக் கருவியும் கிடையாது, இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் பெடல் இறங்கும். ஆனால் இத்தனை வருஷமாக நாற்பதில் நின்று நின்று பழகிய கால், அதற்கு மேல் இடமே இல்லை என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். பஸ் முந்தியது. வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு மொபெட்கூட முந்திப் போயிற்று, ஓட்டினவன் குனிந்து காருக்குள் பார்த்துவிட்டுப் போனான்.

சொர்ணத்தாய் சிரித்துவிட்டாள். "என்னங்க, காருக்கும் வயிறு சரியில்லையா?"

திரும்பி அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வேர்த்து ஒழுகியது. ஆயுள் பூராவும் ஆசைப்பட்டதன் வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே காலெடுத்து வைக்க முடியாமல் அந்த மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

"மிதிங்க. நான் இருக்கேம்லா, மிதிங்க" என்றாள் மெதுவாக.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அழுத்தப் பார்த்தார். அதே நேரத்தில் இடது பக்கத்துச் சரிவிலிருந்து ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. சொர்ணத்தாய்க்கு வெகு தூரத்திலேயே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். கார் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. முதல் ஆடு ரோட்டில் கால் வைத்துவிட்டது, அதன் பின்னால் ஒரு பொம்பிளை கம்போடு வருகிறாள். கார் இன்னும் போகிறது.

"ஏங்க, ஆடு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

கையைப் பிடித்த பிறகுதான் அவர் தலையைத் திருப்பினார். பிரேக்கில் ஏறி நின்றார். டயர் தேய்ந்த வாடை. காரின் மூக்குக்கும் அந்தப் பொம்பிளையின் சேலைக்கும் நடுவே ஒரு ஆடு நிற்கிற இடம்தான் இருந்தது. அந்த இடத்திலும் ஒரு ஆடு நின்றது.

அந்தப் பொம்பிளை பாலம்மாள் என்று பின்னால் தெரியவந்தது. கம்பால் காரின் மூக்கில் ஒரு போடு போட்டுவிட்டு, அவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏய்யா, ஒமக்குக் கண்ணு தெரியலையா?"

ரோட்டில் யார் யாரை வேண்டுமானாலும் கேட்கிற கேள்விதான். யாரும் பதில் சொல்வதில்லை. அய்யாத்துரை இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரியலம்மா" என்றார்.

பாலம்மாள் வாய்க்குள் வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. அவரைப் பார்த்தாள், சொர்ணத்தாயைப் பார்த்தாள். "பாத்துக் கூட்டிட்டுப் போ தாயி" என்று சொல்லிவிட்டு ஆடுகளை அதட்டிக்கொண்டு போய்விட்டாள்.

காரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துச் சொர்ணத்தாயின் மடியில் போட்டார். அப்புறம் தூண் உரசினதிலிருந்து டாக்டர் சொன்னது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஆட்ட எப்பம் பாத்தீங்க?" என்றாள் கடைசியில்.

"நீ கையப் பிடிச்ச பெறவுதான்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே திட்டினாள். "பக்கத்துலயே படுத்து எந்திரிக்குதேன். சொட்டு மருந்து எரிச்சலுக்குன்னு சொன்னா நம்புதேன். ஊரான் புள்ளைகளுக்குப் பயந்து சாவியக் குடுக்கத் தெரிஞ்சுதுல்லா? நான் என்ன, வழியில ஏறின பாசெஞ்சரா?"

உள்ளே பூட்டி வைத்திருந்த ஒன்றையும் அவர் சொல்லிவிட்டார். "ஸ்டியரிங்க விட்டுட்டா நான் ஒண்ணுக்கும் ஆக மாட்டேன்ட்டி. வேற எனக்கு என்ன தெரியும்? வீட்ல சும்மா ஒக்காந்து, செம்பத் தட்டிவிட்டுக்கிட்டு, ஒனக்குப் பாரமா."

"மாவு வாளிய யாரு தூக்குதா? எங்கப்பனா வாரான்?" என்றாள் சொர்ணத்தாய். மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். அவர் வலது முழங்கால் மேல் கையை வைத்து, "இந்தக் காலு சண்டித்தனம் பண்ணிச்சோ இல்லையோ, அதனாலதான் அந்தப் பொம்பள நம்மளத் திட்டுததுக்கு உசுரோட இருக்கா" என்றாள். அய்யாத்துரை அப்போதுதான் அதை நினைத்துப் பார்த்தார். தான் ஆசைப்பட்ட வேகத்தில் அந்த இடத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் அவள் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அவள் கையை எடுக்கவில்லை.

போன் போட்டதும் செல்வக்குமார் ஒரு சிநேகிதன் பைக்கில் வந்து சேர்ந்தான். கார் மூக்கில் இருந்த தழும்பைப் பார்த்தான், இவர்கள் முகத்தைப் பார்த்தான், சாவியை வாங்கிக்கொண்டான். சொர்ணத்தாய் பின்சீட்டில் முழங்கால் தாடையில் இடிக்க மடிந்து உட்கார்ந்தாள். திரும்புகிற வழியில் அவன், "அண்ணாச்சி, நான் வேணா ஒரு மிதி மிதிச்சுக் காட்டட்டா?" என்று ஆசையாகக் கேட்டான்.

"வேண்டாம் தம்பி" என்றார் அய்யாத்துரை. "பின்னால ஆளு இருக்கு."

வெள்ளைக் காரைத்தான் வாங்கினார்கள். யார் பேருக்கு என்று டீச்சர் கேட்டபோது, "அவ பேருக்கு" என்று அய்யாத்துரை சொன்னார். சொர்ணத்தாய் திகைத்துப்போனாள். இந்த வயசில் தன்னால் ஆகாது, ஊர் சிரிக்கும் என்றாள். வாடகைக்கு ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். "இன்னொரு ஆம்பள அந்த சீட்ல ஒக்காந்து என்னால பாத்துட்டு இருக்க முடியாது. நீன்னா இருந்துருவேன்" என்றார் அவர். அதற்குமேல் அவள் மறுக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கிளட்சை விடத் தெரியாமல் வண்டி தவளை மாதிரித் துள்ளும். ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று வீட்டு வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைச் சப்பையாக்கினாள். லைசென்ஸுக்கு இரண்டாவது தடவைதான் தேறினாள். அதெல்லாம்கூடப் பெரிய கஷ்டம் இல்லை. இடது சீட்டில் உட்கார அய்யாத்துரை பட்ட பாடுதான் பெரிய பாடு. அவள் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் கால் இல்லாத கிளட்சை மிதிக்கும். வாய் துறுதுறுவென்று வரும். "நீங்க பேசினா எறக்கி விட்ருவேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். ஒருநாள் பஜாரில் நிஜமாகவே இறக்கிவிட்டாள். அவர் பேசாமல் நடந்து வீட்டுக்குப் போய், சாயங்காலம் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

மெல்ல மெல்ல இருவருக்கும் ஒரு முறை அமைந்தது. காலையில் அவர் வாளிகளைத் தூக்கி டிக்கியில் வைப்பார், கடைக்குக் கடை இறக்குவார். அவள் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஸ்டியரிங் பிடித்ததும் அவளிடம் வேறு ஒரு பொம்பிளை வெளியே வந்தாள். பயம் தெளிந்தபிறகு தயக்கமே கிடையாது. இடைவெளி கண்டால் நுழைந்துவிடுவாள். "ஒங்க வீட்டுக்காரம்மா நல்லா அடிச்சு ஓட்டுதாவ அண்ணாச்சி" என்று கடைக்காரர்கள் சொல்லும்போது அய்யாத்துரைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும், ரொம்பப் பெருமையாக இருக்கும்.

மாசி மாசம் கண் பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அதே டாக்டர்தான். பார்வை எவ்வளவு அகலம் என்று அளக்கிற பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகு நேரம் அவர் எதையும் அழுத்தவில்லை. புள்ளி வரவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்துகொண்டுதான் இருந்தது என்பதைப் பக்கத்தில் நின்ற சொர்ணத்தாய் நர்ஸின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மருந்தை மாற்றிக் கொடுத்தார். முழுக்கப் போய்விடுமா என்று அய்யாத்துரை கேட்டார். அதை இப்போது சொல்ல முடியாது, இருக்கிற வரைக்கும் கவனமாகக் காப்பாற்றுவோம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

திரும்பி வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். கயத்தாறு தாண்டியது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசல் வெறுமையாகக் கிடந்தது. டாக்டர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாளோ என்னவோ, கால் தானாக அழுத்தியது. வெள்ளைக் கார் ஒரு லாரியை முந்தியது, அப்புறம் ஒரு பஸ்ஸை முந்தியது. காற்று ஜன்னலில் அடித்தது. அய்யாத்துரை முள் எங்கே நிற்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கழுத்தை முழுக்க வலது பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் காதோரத்தில் நரைத்திருந்தது. மூக்குத்தியில் வெயில் பட்டது. லாரி வரும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள், தாண்டியதும் விடுகிறாள். இத்தனை மாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து போயும் இதை அவர் கண்டதில்லை. மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வருகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பவளைப் பார்க்க ஏது நேரம்?

அவள் அதைக் கவனித்துவிட்டாள். கூச்சமாக இருந்தது அவளுக்கு.

"என்ன அங்கனயே பாத்துட்டு வாரீங்க? ரோட்டப் பாருங்க."

"ரோட்ட நீ பாத்துக்கிடு" என்றார் அய்யாத்துரை.

கோவில்பட்டி வருகிற வரைக்கும் அவர் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.